குடிகுளிர்விப்பான்

மார்ச் 3, செவ்வாய்

வரைவு முடிந்தது. முடிந்தேவிட்டது! புது மாதிரி அணுஉலைகளுக்கான பாதுகாப்பு விதிகள், என் கையால் எழுதியவை. எழுந்து நின்று கத்தலாம் போல இருக்கிறது. எதிர் மேசையில் காற்புள்ளி உட்கார்ந்திருப்பதால் கத்தவில்லை. எங்கள் சட்ட வரைவுப் பிரிவின் தலைவர் அவர். வாக்கியத்துக்கு நாலு காற்புள்ளி போடாவிட்டால் மனுஷனுக்குத் தூக்கம் வராது. பேச்சிலும் போடுவார்.

பழைய விதிகள் முழுக்கத் தண்ணீரை நம்பி எழுதப்பட்டவை. உலையைக் குளிர்விப்பது தண்ணீர்தான் என்ற காலம் அது. இப்போது வரப்போகும் சிறிய உலையில் தண்ணீருக்குப் பதில் உருகிய உப்பு ஓடும். ஆனால் பழைய விதிப்படி நீர்மட்டம் காட்டாத உலைக்கு உரிமம் கிடையாது. இல்லாத தண்ணீருக்கு எங்கே போய் மட்டம் பார்ப்பது? ஆகவே 'நீர்' வந்த இடமெல்லாம் 'குளிர்விப்பான்'. நீரை, நீரின், நீரால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கையால் மாற்றினேன். மிச்சமிருந்த வெறும் 'நீர்' அத்தனையையும் கணினியிடம் சொல்லி ஒரே தட்டில் மாற்றியாயிற்று. அப்பாடா.

மார்ச் 5, வியாழன்

அக்கா போன் செய்தாள். வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை மாட்டிவிட்டாளாம்.

அவள் ஊர் அனல்மின் நிலையத்தை வருஷக் கடைசியில் மூடுகிறார்கள். அத்தானுக்கு அங்கேதான் கொதிகலன் வேலை. அதே இடத்தில்தான் அந்தச் சிறிய உலை வரப்போகிறது, என் விதிகள் அமலுக்கு வந்தால். வந்தால் அத்தானைப் பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். (அக்கா அங்கே இருப்பதை முதல் நாளே காற்புள்ளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஊர் விஷயத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று ஏற்பாடு.)

"கொஞ்சம் பொறுக்கா" என்றேன்.

"பொறுத்து? அணுஉலைக்குப் பக்கத்துல புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எப்படிடி நிம்மதியா இருப்பேன்? நீ எழுதினேன்னா பயம் போயிடுமா?"

சுருக்கென்றது. மூன்று வருஷம் உயிரைக் கொடுத்து எழுதியிருக்கிறேன். எல்லாரும் நம்ப வேண்டும் என்றுதான் எழுதினேன், சொந்த அக்காவே நம்பவில்லை. கடுப்பாக வருகிறது. அவள் அந்த ஊரை விட்டுத் தூரமாகப் போய்விட்டால்? அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

வரைவு பொதுமக்கள் கருத்துக்காக வெளியானது. யார் படிக்கப் போகிறார்கள்? கம்பெனி வக்கீல்கள் இரண்டு பேர் படிப்பார்கள்.

மார்ச் 16, திங்கள்

செத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

இன்றுதான் எழுதத் தெம்பு வந்தது.

கணினி 'நீர்' எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறது. எல்லாவற்றையும் என்றால் — எல்லாவற்றையும். பிரிவு 41: "பணியாளர்களுக்குத் தூய்மையான குடிகுளிர்விப்பான் தடையின்றி வழங்கப்பட வேண்டும்." பிரிவு 43: "பணியாளர்களின் சிறுகுளிர்விப்பான் முறையாகப் பரிசோதிக்கப்பட வேண்டும்."

ஐயோ! தொழிலாளிக்கு உருகிய உப்பைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, அப்புறம் அதையே பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறேன்!

பத்திரிகையில் முதல் பக்கம். 'குடிநீரை எழுதத் தெரியாதவர்கள் அணுஉலைக்கு விதி எழுதுகிறார்கள்.' துறைச் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். வரைவை வாபஸ் வாங்கிவிடலாம் என்றார். வாங்கினால் மறுபடி முதலிலிருந்து. அதற்குள் கம்பெனி வேறு ஊரைப் பார்த்துக்கொண்டு போய்விடும்.

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். காற்புள்ளி முன்னால் வந்தார்.

"சார், அந்த வரைவுல, என் கையெழுத்தும், இருக்கு. நான் காற்புள்ளி, மட்டும்தான் பார்த்தேன். வார்த்தையைப் பார்க்கல."

செயலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில், திருத்தி வெளியிடுங்கள், அந்த ஊரிலேயே கருத்துக் கேட்புக் கூட்டம் வையுங்கள், அங்கே கேலிக்கூத்தானால் வாபஸ் என்று முடித்தார்.

வெளியே வந்ததும் நன்றி சொல்லப் போனேன். "நன்றியெல்லாம், வேண்டாம். போய், திருத்தும்மா" என்றார். தெய்வமே.

மார்ச் 21, சனி

இவர் காலையில் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, "மேடம், குடிகுளிர்விப்பான்" என்றார். கட்டிய புருஷனே இப்படி! தலையணையை எறிந்தேன்.

ஆனால் ஒரு வேடிக்கை. சிரிக்கிறதற்காகப் பிரித்தவர்கள் மிச்சத்தையும் படித்திருக்கிறார்கள். கருத்துகள் மூட்டை மூட்டையாக வருகின்றன. பாதி கிண்டல். பாதி நிஜமாகவே நல்ல கேள்விகள்!

ஏப்ரல் 9, வியாழன்

கூட்டம். மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையில் காற்புள்ளி, நான், அணுசக்திப் பிரிவிலிருந்து 'உப்பு'. உருகிய உப்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசாத இன்ஜினியர். சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூட அந்தப் பேச்சில் கொண்டுபோய் நிறுத்துவார்.

முதல் கேள்வியே ஒரு லாரி டிரைவர்: "அந்தக் குடிகுளிர்விப்பான் சூடா கிடைக்குமா, ஐஸ் போட்டா?"

மண்டபம் குலுங்கியது. போச்சு, கேலிக்கூத்து ஆரம்பம் என்று நினைத்தேன்.

உப்பு மட்டும் அசரவில்லை. "சூடாதாங்க. அறுநூறு டிகிரி. ஆனா வெளியே சிந்தினா ஆறி, தானே கட்டியாயிடும். தண்ணி மாதிரி ஆவியாகி அழுத்தத்தோட வெடிச்சுக் கிளம்பாது. அதுக்காகத்தான் தண்ணியை விட்டு உப்புக்கு வந்தோம்."

டிரைவர் உட்காரவில்லை. "கட்டியானா யார் அள்றது?" என்றார். அப்படித்தான் கூட்டம் சூடு பிடித்தது. சிரித்த வாய்தான், கேள்வி கேட்கவும் வெட்கப்படவில்லை.

அப்புறம் அக்கா எழுந்தாள். அவள் வருவாளென்று எனக்குத் தெரியாது. கையில் என் வரைவு, பக்கமெல்லாம் கோடு போட்டு!

"நான் மருந்துக்கடை வச்சிருக்கேன். ஒரு மாத்திரை வித்தாக்கூட, என்ன பண்ணும், என்ன பண்ணாதுன்னு சொல்லித்தான் விக்கணும். இதுல கோளாறு ஏதாவது வந்தா ஒரு மணி நேரத்துல அதிகாரிங்களுக்குச் சொல்லணும்னு போட்டிருக்கீங்க. சரி. எங்களுக்கு யாரு சொல்றது?"

எனக்குப் பதில் தெரியும்: ஒருவரும் இல்லை. அந்த வரியே இல்லை. மூன்று வருஷமாக அதிகாரிகள், நிறுவனம், ஆய்வாளர் என்று எழுதினேனே, ஊர் எங்கே? ஆனால் நான் வாயைத் திறக்கக் கூடாது. மேசைக்கு அடியில் காற்புள்ளியின் காலை மிதித்தேன்.

அவர் மைக்கை இழுத்தார். "அது விட்டுப்போச்சும்மா. சேர்க்கிறோம்."

ஒரு காற்புள்ளிகூட இல்லை!

கைதட்டல். நானும் தட்டினேன், ஏற்பாடாவது ஒன்றாவது.

ஏப்ரல் 10, வெள்ளி

புதுப் பிரிவைக் காற்புள்ளியே எழுதினார். "கோளாறு எதுவாயினும் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் அதே வேளையில், ஊர் மக்களுக்கும், அவர்களுக்குப் புரியும் சொற்களில், தெரிவிக்கப்பட வேண்டும்." 'புரியும் சொற்களில்' என்று எழுதும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். வாங்கிக்கொண்டேன்.

மே 20, புதன்

அரசிதழில் வந்துவிட்டது!! குடிநீர் குடிநீராகவே இருக்கிறது. நாலு தடவை பார்த்தேன்.

அலுவலகத் தண்ணீர்க் குடத்தில் யாரோ சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்: 'தூய்மையான, குளிர்ந்த, குடிகுளிர்விப்பான்.' யார் வேலை என்று கேட்கவே தேவையில்லை.

ஜூலை 26, ஞாயிறு

அக்கா வீட்டில் இருக்கிறேன். அத்தான் பயிற்சிக்குப் போக ஆரம்பித்துவிட்டார். பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து படிக்கிறார். பெரியவன் அவருக்குக் கேள்வி கேட்டு மார்க் போடுகிறான். பத்துக்கு மூன்று.

"பயம் போயிடுச்சாக்கா?" என்று கேட்டேன்.

"முழுசா எங்க போகும்? ஆனா ஏதாவதுன்னா எனக்குச் சொல்லியே ஆகணும்ல. சட்டம்ல!" என்றாள், சட்டத்தை அவளே எழுதின மாதிரி. ஒருவிதத்தில் அவள்தானே எழுதினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கட்டிக்கொண்டேன். "விடுடி, வேர்க்குது" என்றாள்.

முகம் கழுவப் பின்பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் புது மூடி போட்டிருக்கிறாள். நல்ல கனமான பலகை. தூக்கினால் உள்பக்கம் பெரிய எழுத்தில் 'விற்பனைக்கு'.