பத்தாவது நாடு

பிப்ரவரி 9, திங்கள்

வரைபடப் புத்தகத்தில் சிறிய மதக் குழுக்களுக்கான பகுதி என் தலையில் விழுந்திருக்கிறது. எந்தக் குழு எத்தனை நாடுகளில் பரவியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பட்டியல் போட வேண்டும். பதிப்பாசிரியர் ஒரு விதி வைத்திருக்கிறார்: பத்து நாடுகளிலாவது இருந்தால் தனிப் பெயர், தனி நிறம். குறைந்தால் ‘மற்றவை’ என்று சாம்பல் நிறத்தில் சேர்த்துவிட வேண்டும்.

எங்கள் சபை ஒன்பது நாடுகளில் இருக்கிறது. மூன்று தடவை எண்ணிவிட்டேன். எண்ணினால் முளைக்குமா என்ன?

பிப்ரவரி 11, புதன்

எங்களைவிட ஆள் குறைந்த ஒரு குழு முப்பத்து நான்கு நாடுகளில் இருக்கிறது. வியாபாரிகள், கப்பல் நின்ற இடமெல்லாம் குடும்பத்தோடு இறங்கியிருக்கிறார்கள். இன்னொரு குழுவில் பல லட்சம் பேர், எல்லோரும் ஒரே பள்ளத்தாக்கில். சிலர் துரத்தப்பட்டுப் பரவினார்கள். சிலர் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள். நாங்கள் யாரையும் சேர்ப்பதில்லை. வெளியே கல்யாணம் செய்தவர்களை வைத்துக்கொள்வதும் இல்லை. அப்புறம் எங்கிருந்து பரவுவது?

பேச்சுவாக்கில் அப்பாவிடம் சொல்லித் தொலைத்தேன். தனி நிறம் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பத்து நாடு வேண்டும் என்பது காதில் விழவே இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. பல் டாக்டர் மாமா போன் செய்து என்ன நிறம் என்று கேட்கிறார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வாரக் கூட்டம். வழக்கம்போல் அப்பா சபைப் பெயர் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். வந்திருப்பவர் ‘இருக்கேன்’ என்பார். வெளிநாட்டில் இருப்பவருக்காக வீட்டார் பதில் சொல்வார்கள். என் பெயருக்குப் பிறகு தம்பி பெயர் வர வேண்டும். அவன் வெளியே கல்யாணம் செய்துகொண்டவன். பதினான்கு வருடமாக அப்பா அந்த இடத்தில் மூச்சு விடாமல் அடுத்த பெயருக்குத் தாண்டிவிடுகிறார்.

இன்று தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பி இருக்கும் நாட்டில் எங்கள் ஆட்கள் வேறு யாரும் இல்லை. அவனைச் சேர்த்தால் பத்து.

பிப்ரவரி 16, திங்கள்

ஒரே ஆள் என்றாலும் நாடு நாடுதான், ஆனால் சபைப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்கிறார் பதிப்பாசிரியர். அப்பா கூப்பிடாத பெயர் பட்டியலில் இல்லாத மாதிரிதான். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நானே எழுதிவிட்டால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? பத்து என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன் — அதையும் அழித்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

தம்பிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரு ஆள் குறையுதுன்னதும்தான் என் ஞாபகம் வந்துச்சாக்கா?”

செருப்பால் அடித்தது போல் இருந்தது. இல்லடா என்றேன். ஆமாம் என்பதுதான் உண்மை.

பிறகு அவனே சொன்னான். ஒவ்வொரு ஞாயிறும் நம் கூட்ட நேரத்துக்கு எழுந்துவிடுவானாம். அங்கே அப்போது காலை ஐந்தரை. அடுப்படியில் நின்று தனக்குத்தானே ‘இருக்கேன்’ என்று ஒருமுறை சொல்லிக்கொள்வானாம். மனைவி கேலி செய்வாளாம்.

“நீயா எழுதாதக்கா. அப்பா கூப்பிடட்டும். அப்புறம் எண்ணிக்க.”

பிப்ரவரி 19, வியாழன்

வருகிற ஞாயிறு தம்பி பெயரைக் கூப்பிடுவீர்களா என்று சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். கேட்ட விதம் தப்பு. புத்தகத்தில் ஆரம்பித்தேன்.

“புத்தகத்துல கலர் வரணும்னு அவன் பேரைக் கூப்பிடணுமா? அப்ப இத்தனை வருஷம் நான் எதுக்கு வாயை மூடிட்டு இருந்தேன்?”

எனக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது — நீங்க தாண்டுறீங்க, அவன் அங்க காலைல அஞ்சரைக்கு எழுந்து நின்னு பதில் சொல்றான், வாரா வாரம், தெரியுமா உங்களுக்கு — கத்திவிட்டேன். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். சாப்பிடுகிற மனுஷனை எழுப்பிவிட்டேனே. என்ன பொண்ணு நான்?

பிப்ரவரி 20, வெள்ளி

ஒன்பது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. நாங்கள் சாம்பலில்தான். அப்பாவிடம் சொன்னேன், சரி என்றார். அந்தச் சண்டைக்குப் பிறகு அவர் பேசுவதே இவ்வளவுதான். பெயர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தைத் திருப்பவும் இல்லை. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

என் பெயரைக் கூப்பிட்டார். இருக்கேன் என்றேன். அடுத்தது தன் பெயர் என்று அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டாள். அப்பா நிறுத்தினார். பிறகு தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்.

கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. வீட்டார் பதில் சொல்ல வேண்டும். அம்மா இல்லாத வீட்டில் வீட்டார் என்றால் நான்தான். நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டாம் முறையும் கூப்பிட்டார்.

“இருக்கான்” என்றேன்.

பல் டாக்டர் மாமா எழுந்து வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். அப்பா அத்தையின் பெயரைக் கூப்பிட்டார்.

கூட்டம் முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, அங்கே இப்போது மணி என்ன என்று கேட்டார். ஆறேகால் என்றேன்.

“அப்ப முழிச்சுத்தான் இருப்பான்” என்று என் போனுக்குக் கை நீட்டினார்.