இடமிருந்து இரண்டாவது ஆள்

மார்ச் 4, 2024, திங்கள்

காலையிலிருந்து மழை. என் வீட்டுக்காரர் ட்ரெவர் பல் டாக்டரிடம் போயிருக்கிறார், வந்ததும் ஊரைக் கூட்டுவார். ஆஸ்திரேலியாவிலிருந்து கடிதம் வந்தே விட்டது! போரில் என் மாமா போன விமானத்தை ஓட்டிய விமானியின் அண்ணன் மகள் எழுதியிருக்கிறாள். அவர்கள் வீட்டில் இருக்கும் அதே குழுப் படத்தின் பின்னால் 1944-லேயே யாரோ பென்சிலில் ஏழு பேர் பெயரையும் இடமிருந்து வலமாக எழுதி வைத்திருக்கிறார்களாம். அந்தப் பட்டியலை மட்டும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறாள். படம் வேண்டாம், என்னிடமே இருக்கிறது என்று நான்தான் எழுதியிருந்தேன்.

அம்மாவின் பிஸ்கட் டப்பாவில் கிடந்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குண்டுவீச்சு விமானம், அதன் உடம்பில் பெரிதாக ஆங்கில ஓ எழுத்து, முன்னால் வரிசையாக ஏழு பேர். நடுவில் நிற்பவர் விமானி. அவர் முகம் பழைய செய்தித்தாளில் வந்திருக்கிறது. பட்டியலிலும் நடுவில் அவர்தான். கச்சிதம். அப்படியென்றால் பட்டியல்படி ஆறாவது ஆள் வில்ஃப் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, போரிலிருந்து திரும்பாதவர்.

ஹல் நகரத்தில் அம்மா பிறந்த வீட்டின் மேல் குண்டு விழுந்தபோது மற்ற படங்கள் எல்லாம் எரிந்துபோயின. இந்த ஒன்றை மட்டும் அம்மா எப்போதாவது எடுப்பாள், பார்ப்பாள், டப்பாவை மூடிவிடுவாள். இதில் மாமா யார் என்று அம்மா இருந்தவரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கவே வேண்டாம். மூக்கைப் பார்த்தாலே போதும், எங்கள் வீட்டு மூக்கு!

மார்ச் 19

பட்டியலில் இரண்டாவது ஆளின் தங்கை உயிரோடு இருக்கிறார். க்ரிம்ஸ்பியில் ஒரு முதியோர் இல்லம், பெயர் ஈனிட் கார்பட், வயது தொண்ணூற்றைந்து. தொலைபேசியில் பேசினேன். அண்ணன் ரெஜ்ஜின் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. இருந்த எல்லாவற்றையும் அவருடைய அம்மா தன் சவப்பெட்டிக்குள் வைக்கச் சொல்லிவிட்டாளாம். "அவ மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா கண்ணு. எங்க யாரையும் கேக்கல."

அடுத்த வாரம் போகிறேன். இதுவரை யாருக்கும் இப்படி ஒரு பரிசு நான் கொடுத்ததில்லை.

மார்ச் 27

எழுதத்தான் வேண்டும். பரிசு அவ்வளவு சுலபமாகப் போய்ச் சேரவில்லை.

படத்தை மடியில் வைத்து இரண்டாவது ஆளைக் காட்டினேன். ஈனிட் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க ரெஜ் இல்ல கண்ணு."

"இவர்தான் ஈனிட். பட்டியல் இருக்கு."

அவர் விரல் அப்படியே வரிசையில் நகர்ந்தது. ஆறாவது முகத்தின் மேல் நின்றது. "இதோ இருக்கான் பாரு, திருட்டுப் பய."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, அது என் மாமா!"

பொறுமையாகத்தான் விளக்கினேன். நடுவில் விமானி, இந்தப் பக்கம் ரெஜ், அந்தப் பக்கம் வில்ஃப். எண்பது வருஷமாச்சே, நினைவு ஏமாத்தும், நீங்க அப்போ பதினஞ்சு வயசுப் பொண்ணு என்றும் சொன்னேன். அவர் நான் சேர்த்து வைத்திருந்த காகிதக் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ்வளவு தேடியிருக்கே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பிளம் ரொட்டி சாப்பிட்டோம். அவர் பாதியை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 11

இரண்டாவது ஆளின் முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறாவது ஆளின் முகம் எங்கள் கணப்படுப்புக்கு மேலே.

மே 23

ஈனிட் தினமும் படுக்கப் போகுமுன் படத்துக்கு குட் நைட் சொல்கிறாராம். அங்கே பார்த்துக்கொள்ளும் பெவர்லி போனில் சொன்னாள். "முதல்ல பேசவே மாட்டேன்னாங்க. நான்தான், உங்க அண்ணன்கிட்ட பேசுங்கன்னு தினம் சொல்லிச் சொல்லிப் பழக்கிட்டேன்." எனக்கு ஒரே பெருமை. ட்ரெவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

செப்டம்பர் 14

ஊர்ப் பொதுக்கூடத்தில் கண்காட்சி. என் படம் ஆள் உயரத்துக்கு, கீழே ஏழு பெயர்கள், "அடையாளம் கண்டவர்: டோரீன் ஸ்க்ரிம்ஷா". பழைய விமானத்தளச் சங்கத்து டெஸ்மண்ட் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார். அவருக்கு எதிலும் ஒரு குத்தல் உண்டு.

"ஏம்மா டோரீன், நம்ம பசங்க பொம்பளைங்க கோட்டு மாட்டிக்கிட்டா சண்டைக்குப் போனாங்க?"

ஆறு பேர் மேலே தண்ணீரில் மிதக்க வைக்கும் சட்டை போட்டிருக்கிறார்கள், உள்ளே ஒன்றும் தெரியாது. ஓரத்தில் நிற்பவர் மட்டும் நீளக் கோட்டில் இருக்கிறார். ஆண்கள் கோட்டில் இடப்பக்கம் மேலே வரும், வலப்பக்கம் அடியில் போகும். இதில் அது மாறி, பெண்கள் கோட்டு போல இருந்தது.

நாற்பத்தொரு வருஷம். லிங்கனில் நாற்பத்தொரு வருஷம் கோட்டு பிரித்துத் தைத்து, பொத்தான் வைத்துப் பிழைத்தவள் நான். கண் எங்கே போயிற்று? மூக்கைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படக்கடைக்காரன் யாரோ நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்செடுத்திருக்கிறான். பின்னால் இருக்கும் ஓ எழுத்து எப்படித் திருப்பினாலும் ஓதான். நடுவில் இருப்பவர் எப்படித் திருப்பினாலும் நடுவில்தான். மற்ற ஆறு பேரும் இடம் மாறிவிட்டார்கள்.

டெஸ்மண்டிடம், தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 15

ஆஸ்திரேலியாக்காரி தன் படத்தைப் போனில் எடுத்து அனுப்பினாள். என்னுடையதற்கு நேர் எதிர். சந்தேகமே இல்லை. ஈனிட் கையில் நான் கொடுத்தது என் மாமாவை. அவருடைய ரெஜ் ஐந்து மாதமாக என் வீட்டில் இருக்கிறான். அவன் மூக்கைத்தான் வருகிறவர்களிடம் எல்லாம் எங்கள் மூக்கு என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் சரியாகக் காட்டினார். நான் சிரித்தேன். சிரிச்சேனே பாவி, அந்தம்மா முகத்துக்கு நேரா!

செப்டம்பர் 22

கூடத்துக்குப் போய்ப் பெயர்களை மாற்றி ஒட்டினேன். "முன்பு தவறாக எழுதியவர் டோரீன் ஸ்க்ரிம்ஷா" என்று கீழே எழுதினேன். டெஸ்மண்ட் அதைப் படித்துவிட்டு எனக்கு ஒரு தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். கேலி செய்திருந்தால்கூடத் தேவலை.

ஈனிட்டிடம் இன்னும் சொல்லவில்லை. ட்ரெவர் சொல்கிறார்: "விட்டுடேன். அந்தம்மா சந்தோஷமாத்தானே இருக்கு? உன் மனசு ஆறணும்னு அதோட மனசைக் கெடுக்கணுமா?" நல்ல வாதம்தான். கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதி! அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கே என் மேல் அருவருப்பு வந்தது.

அக்டோபர் 2

கார் வரைக்கும் போனேன். திரும்பி வந்து ஜன்னல் திரைகளைத் துவைத்தேன்.

அக்டோபர் 9

சொல்லிவிட்டேன்.

ரெஜ்ஜின் படத்தைக் கணப்படுப்பிலிருந்து எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தேன். தப்பு என்னுடையது, நீங்கள் சொன்னதுதான் சரி, இவர்தான் உங்கள் அண்ணன் என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

ஈனிட் பூதக்கண்ணாடியை எடுத்தார். அன்று போலவே வெகுநேரம் பார்த்தார்.

"யாரு கண்ணு இது?"

"ரெஜ். உங்க ரெஜ்."

"ரெஜ் அங்க இருக்கானே." ஜன்னலோரம் இருந்த வில்ஃப் மாமாவைக் காட்டினார். "தினம் பேசறேனே."

"அன்னைக்கு நீங்கதான் இவரைத் தொட்டுக் காட்டினீங்க ஈனிட். திருட்டுப் பயன்னு சொன்னீங்க."

"நானா?" யோசித்தார். உண்மையாகவே முயன்றார், நெற்றி சுருங்கிற்று. இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அழாதே. வயசாயிடுச்சில்ல, முகமெல்லாம் கலங்கிப்போச்சு."

வயதாகிவிட்டதால் இல்லை. மார்ச்சில் கலங்கவில்லை. நானும் பெவர்லியும் ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லிச் சொல்லி அழித்துவிட்டோம். பெவர்லிமேல் தப்பில்லை, அவள் என்னை நம்பினாள்.

இத்தனை வருஷம் கையில் படம் எதுவும் இல்லாமலே அந்த முகத்தை மனதில் வைத்திருந்தவர். என்ன செய்துவிட்டேன் நான்?

நவம்பர் 10, ஞாயிறு

போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் நினைவு ஞாயிறு. இந்த வருஷம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவில்லை, ஈனிட்டோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். இரண்டு நிமிட மௌனத்தில் அவர் லேசாகத் தூங்கிப்போனார்.

ஜன்னலோரம் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வில்ஃப் மாமாவை எடுத்துவிடவா என்று நான் போன மாதம் பெவர்லி மூலமாகக் கேட்டதற்கு, கூடாது என்று அவளிடம் சண்டையே போட்டாராம். இப்போது இரண்டு பேருக்கும் குட் நைட்.

கிளம்பும்போது விழித்துக்கொண்டார். என் கோட்டில் இருந்த நினைவு நாள் சிவப்புக் காகிதப் பூவைச் சரியாகக் குத்திவிட்டார்.

"ரெண்டுல ஒருத்தன் எங்க ரெஜ்," என்றார். "எவன்னுதான் தெரியல. பரவாயில்ல, ஒருத்தன் இருக்கான்ல. நீ மட்டும் வரலேன்னா எனக்கு யாரு இருந்திருப்பா? நல்லா இருப்பே கண்ணு."

முத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நான் வருவதற்கு முன்னால் அவருக்கு ரெஜ் இருந்தான்.