சட்டமன்றம் ஏறிய செவ்வாய்க்கிழமை

சாமுவேல் காலனி,
திருநகர் அருகே, மதுரை.

அன்பு மகன் ஜெய்சனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் உன் அம்மாவும் நானும் உடம்பால் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் கனடாப் பனியில் மூக்கும் காதும் உறைந்துபோகாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்பால் என்று எழுதியதைக் கவனித்திருப்பாய். மனசு ஒரு மாதமாகத் திகைத்துப்போய்க் கிடக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பெர்சி பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தம் சொல்வாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

இந்த வருடமும் அறுப்பின் பண்டிகைக்கு நம் சபையில் காணிக்கைப் பொருள்களை நான்தான் ஏலம் போட்டேன். வருடம் முழுக்கப் பள்ளிக்கூட ஆபீஸில் வாயை மூடிக்கொண்டு டி.சி. எழுதுகிறவனுக்கு மைக் கிடைக்கிற ஒரே நாள், விடுவேனா. முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக நம் எம்.எல்.ஏ. ஜெயபாண்டி. காணிக்கையாக வந்த பூசணிக்காயைத் தூக்கிக் காட்டினேன், ஒருவரும் விலையை ஏற்றவில்லை. சரி, கொஞ்சம் சிரிக்க வைத்தால் கை தானாகப் பைக்குள் போகும் என்று பாஸ்டர் வீட்டுப் பொமரேனியன் என்னைக் கடித்த கதையை எடுத்துவிட்டேன். நம்ம சுகாதார நிலையத்துல நாய்க்கடி ஊசி செவ்வாக்கிழமை மட்டுந்தான், அதனால காலனி நாய்களையெல்லாம் கூட்டி வச்சுச் சொல்லிட்டோம், கடிக்கிறதுன்னா திங்கக்கிழமை சாயங்காலமாப் பாத்துக் கடிங்கப்பா என்று சொன்னேன். பந்தல் குலுங்கியது. ஜெயபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு பூசணிக்காயை நல்ல விலைக்கு அவரே எடுத்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் நான் அடித்த பெருமைக்கு அளவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம் பக்கத்து வீட்டு சௌந்தரராஜன் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஓய் லாசர், உம்ம நாயி சட்டசபைக்குப் போயிருச்சு ஓய் என்றார். பார்த்தால் ஜெயபாண்டி எழுந்து நின்று, மருத்துவத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில், என் தொகுதியில் ஒரு சுகாதார நிலையத்தில் நாய்க்கடி ஊசி செவ்வாய்க்கிழமை மட்டும்தான் போடுகிறார்கள், நாய்களுக்கு நாங்கள் நாள்காட்டி வாங்கிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறார். அவையே சிரிக்கிறது, மேசையைத் தட்டுகிறார்கள். அமைச்சர் எழுந்து, உடனே விசாரித்துச் சம்பந்தப்பட்டவர் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்கிறார். எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை மகனே, கோபம். நாள்காட்டி என்னுடைய நகைச்சுவையில் இல்லை, அவராகச் சேர்த்துக்கொண்டது, அது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அந்தச் சம்பந்தப்பட்டவர் யார் என்று யோசிக்க என் மண்டைக்கு இரண்டு நாள் பிடித்தது.

தமிழ்ச்செல்வி. சுகாதார நிலையத்து நர்ஸ், நீ கனடாவுக்குப் புறப்படும்போது உனக்குத் தடுப்பூசி போட்டுவிட்டாளே, அவள்தான். நிரந்தர வேலைகூட இல்லை, வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். அவள் பேருக்கு மெமோ வந்துவிட்டது, ஒப்பந்தத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று. அதைக் கேட்டதும் சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். அவள் திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன், திட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள். நாய்க்கடி மருந்துக் குப்பியை உடைத்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டுமாம், ஒரு குப்பி நான்கைந்து பேருக்குக் காணும். மேலேயிருந்து வருவதோ கேட்டதில் பாதி. முதல் ஊசியை அவள் ஒருவருக்கும் தள்ளிப்போட்டதில்லை, எந்தக் கிழமையானாலும் உடைத்துப் போட்டுவிடுவாள். அடுத்தடுத்த ஊசிக்கு வருகிறவர்களைத்தான் தன் செல்போனிலிருந்தே கூப்பிட்டு, ஒரே காலையில் வரச் சொல்லி, மருந்து வீணாகாமல் பார்த்துக்கொண்டாள். எனக்கு இரண்டாம் ஊசி அப்படி ஒரு செவ்வாய்க்கிழமையில் விழுந்தது. அதை நான் பூசணிக்காய்க்கு விலை ஏற்றப் பயன்படுத்திவிட்டேன். கடைசியில் அவள் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. சார், அன்னைக்கு ஏலத்துல நானும் பிள்ளைகளோட பின்னாடிதான் நின்னேன், எம்புட்டுப் பேர் சிரிச்சாக, நானுந்தான் சிரிச்சேன், அது என்னயத்தான்னு எனக்கே தோணல சார் என்றாள்.

அங்கிருந்து நேராக எம்.எல்.ஏ. ஆபீஸ். ஜெயபாண்டி பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் வாங்கண்ணே, அடுத்த கூட்டத்துக்கு என்ன வச்சிருக்கீக என்றார். நான் சொல்லச் சொல்ல டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அண்ணே, வெளையாட்டுக்குச் சொன்னேன்னு இப்ப வந்து சொல்றீக, அது அவைக்குறிப்புல ஏறிப்போச்சு என்றார். பிறகு, ரோடுன்னு பேசுனேன், குடிதண்ணின்னு பேசுனேன், புள்ளிவிவரத்தோட பேசுனேன், ஒரு பய திரும்பிப் பாக்கல, உங்க நாய்க்குத்தாண்ணே மேசையத் தட்டுனாங்க, இப்ப அதயும் பொய்யின்னு நானே எந்திரிச்சுச் சொல்லணுமா என்று கேட்டார். அதற்கு நான் மெமோவையும் அவள் பிள்ளைகளையும் மட்டும் திரும்பச் சொன்னேன். பாக்குறேன் என்றார். அரசியல்வாதி பாக்குறேன் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், நானும் நம்பிக்கை இல்லாமல்தான் படி இறங்கினேன். விசாரணைக்கு வந்த அதிகாரியம்மாவிடம் போய், செவ்வாய்க்கிழமை என் வாயில் விளைந்தது, அந்தப் பிள்ளை பேரில் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தம்மா வாங்கி வைத்துக்கொண்டு, சட்டமன்றத்துல சொன்னதுக்கு ஏலத்துல சொன்னவர் எப்படி சார் மறுப்பு எழுதுவீங்க என்றார்.

ஆனால் ஜெய்சன், ஜெயபாண்டி என்கிற அந்த மனிதர் சட்டசபையில் எழுந்து நின்றார். சௌந்தரராஜன் வீட்டு டி.வி.யில் அவரும் நானும் உன் அம்மாவும் நேரலையாகப் பார்த்தோம். நாய்க்கடி ஊசி பற்றி நான் இந்த அவையில் சொன்னது தவறு, விசாரிக்காமல் சொல்லிவிட்டேன், அந்த நிலையத்தில் எல்லா நாளும் ஊசி போடப்படுகிறது, அந்தச் செவிலியர் மேல் குற்றமில்லை, நான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்கிறேன், அந்த நிலையம் கேட்ட மருந்து எவ்வளவு, அனுப்பியது எவ்வளவு, குறைத்தது யார் என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒரு மேசையும் சத்தம் போடவில்லை. அமைச்சர் விவரம் பெற்று எழுத்துமூலம் தெரிவிப்பதாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் ஒரு எம்.எல்.ஏ. தான் சொன்னது தவறு என்று தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை. உன் அம்மா ஒன்றுமே பேசாமல் இருந்தாள், அதுவே தனி அதிர்ச்சி.

மெமோவைக் கைவிட்டுவிட்டார்கள், தமிழ்ச்செல்விக்கு ஒப்பந்தமும் புதுப்பித்தாயிற்று, மருந்தும் இப்போது கூடுதலாக வருகிறது. ஆனால் காலனியில் அவளுக்குச் செவ்வாக்கிழமை நர்ஸு என்று பேர் விழுந்துவிட்டது. அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிடுகிறார்கள், என் ஆபீஸ் ஜன்னல் வழியாக என் காதிலேயே விழுகிறது. என்னைப் பார்த்தால் வணக்கம் சார் என்கிறாள், முன்பு போல நின்று பேசுவதில்லை.

நீ பழைய சோறு என்று நினைத்து ஃபிரிட்ஜில் வைத்த சோற்றை நாள் கணக்கில் சாப்பிடாதே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே, தொப்பி போடாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மறக்காமல் செய். எம்.எல்.ஏ. சிரிக்க வைத்த வீடியோவை உன் சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பியதாகப் போனில் சொன்னாய். அவர் இரண்டாவதாகப் பேசியதையும் சௌந்தரராஜன் உனக்கு அனுப்பியிருக்கிறார், அதையும் அத்தனை பேருக்கும் அனுப்பு. முதலாவதை ஊரே பார்த்துவிட்டது, இரண்டாவதைச் சீந்த ஆளில்லை. அதில் சிரிக்க ஒன்றும் கிடையாது, தெரியும். இருந்தாலும் அனுப்பு.

அன்பு முத்தங்களுடன்,
உன் அப்பா,
அ. லாசர்.