செட்டர் ஏற்காத வயது

8 ஜூன் 98, திங்கள்
காலையிலேயே அனல் காற்று. அருப்புக்கோட்டை பஸ்ஸில் நிற்கத்தான் இடம். கம்ப்யூட்டர் சென்டரில் மதியம்வரை கரண்ட் இல்லை. கரும்பலகையிலேயே C++ வகுப்பு. கெட்டர், செட்டர். உள்ளிருக்கும் தகவலைக் கேட்டால் கெட்டர் சொல்லும். மாற்ற வந்தால் செட்டர் சோதித்துத்தான் விடும். எல்லோரும் முழித்தார்கள். செல்வி மட்டும், "ரேஷன் கடை ஜன்னல் மாதிரியா மிஸ்? சீனி இருக்கான்னு கேக்கலாம், உள்ள கைய விட முடியாது." என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள்.

10 ஜூன்
எங்கள் மாதா கோயிலின் சுற்றுவட்டார வரன் பட்டியலுக்குப் போன மாதம் ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தேன். இன்று திறந்தால் அதில் என் பெயர்! வயது 26. எனக்கு 29.
பதிவு செய்யும் ரோஸ்மேரி அக்கா: "ஒங்க அம்மாதான் வந்து மாத்தச் சொன்னாக."
பட்டியலில் 26ஐத் தாண்டிய பெண்ணே இல்லை. ஒரு வீட்டில் அக்கா தங்கையைவிட இளையவள். தப்பு என்னுடையது. செட்டர் எழுதச் சோம்பல்பட்டு, வயதை யாரும் மாற்றும்படி விட்டிருந்தேன்.
அம்மாவிடம் சண்டை. "மூணு வயசுதானடி கொறச்சேன். கம்ப்யூட்டருக்கு வலிக்கவா போகுது?" ஞாயிறன்று நரிக்குடியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளை வாத்தியார், 31. "அவுககிட்ட வாயத் தெறந்துராத."
கொஞ்சம் அழுகை. பிறகு தோசை.

12 ஜூன், வெள்ளி
செட்டர் தயார். ஞானஸ்நான ஏட்டின் பிறந்த தேதியோடு ஒத்தால்தான் வயது ஏறும். எனக்கு மட்டும் விலக்கு வைக்கலாமா? பத்து நிமிஷம் யோசனை. வைக்கவில்லை. 29.
ரோஸ்மேரி அக்கா: "எதப் போட்டாலும் துப்புது ஸ்டெல்லா!" வாசலில் நான்கு அம்மாக்கள். ஃபாதர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

13 ஜூன், சனி
வகுப்பு நடுவே ஒருவர். நெட்டை, முன்மண்டை வழுக்கை.
"கோயில் ப்ரோக்ராம் எழுதுன சார் யாருங்க?"
"நான்தான்."
"31 போட்டா ஏற மாட்டேங்குதாம். எங்கம்மா நேத்துலருந்து சாப்பிடல."
"உங்க வயசு?"
"முப்பத்தஞ்சு." குரல் இறங்கியது. "நாளைக்கு எம்.ரெட்டியபட்டில பொண்ணு பாக்கப் போறோம். ஸ்டெல்லான்னு பேரு. அதுகிட்டயாவது நெசத்தச் சொல்லணும்."
"சொல்லிட்டீங்க. எனக்கு 29."
வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் விரல்விட்டு எண்ணினார். "பொய்யில அஞ்சு வருஷ வித்தியாசம், நெசத்துல ஆறு. பெரிய தப்பில்லீங்க."
வீட்டில் அம்மா ரவை வறுத்தபடி, "நாளைக்கு வயசக் கேட்டா தலையக் குனிஞ்சுக்க" என்றாள். அப்போதே குனிந்துகொண்டேன். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.