கடலைப் பார்த்த சுவர்

கோசோ தீவு,
நவம்பர் 9, 1957.

அன்புள்ள விஸ்தினுக்கு,

உங்கள் மனைவி சென்சா எழுதுவது. நான் சுகம். மெல்போர்னில் நீங்களும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

இந்த வருஷத்து முதல் மழை பெய்துவிட்டது. நீங்கள் போன பிறகு இது மூன்றாவது மழைக்காலம். மொட்டைமாடியைக் கூட்டி, மழைத் தண்ணீரை நானே பாறையில் குடைந்த நம் கிணற்றுக்குள் விட்டேன். ஒரே வாரத்தில் கிணறு காலி. பாறையில் எங்கேயோ வெடிப்பு விட்டு, எல்லாம் அடியில் இருக்கும் களிமண்ணுக்குப் போய்விட்டது. இப்போது சரிவில் இறங்கி ஊற்றுத் தண்ணீர் சுமக்கிறேன். களிமண் ஊறி வழுக்குகிறது. இரண்டு முறை விழுந்தேன். நானே எழுந்து, நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

போன வருஷம் ஆடு கட்டிய இடம் இன்று பாறையோடு இடிந்து கீழே கடற்கரையில் கிடக்கிறது. தலைநகர் வல்லெட்டாவிலிருந்து பொறியாளர் வந்து, நம் சுவர் விரிசலின் குறுக்கே சாந்து பூசி, ஈரத்திலேயே தேதி கீறிவிட்டுப் போனார். சாந்து உடைந்தால் பாறை நகர்கிறது என்று அர்த்தமாம். உடனே காலி செய்ய வேண்டுமாம். பக்கத்து வீட்டுக் கத்தரீனுக்கு உடைந்தது. அவர்கள் கோயில் பக்கம் குடிபோய்விட்டார்கள். இந்தப் பாறை விளிம்பில் மிச்சம் நானும் ஆடும்தான்.

உங்களிடம் மறைக்க முடியாது. நம் சாந்தும் உடைந்தது, இரண்டு முறை. இரண்டு முறையும் நானே புதிதாகப் பூசி, பழைய தேதியை ஆணியால் கீறிவைத்தேன். மறுபடி வந்த பொறியாளர் தடவிப் பார்த்து, "உங்க சுவரு நல்ல கெட்டிம்மா" என்றார். பாவம், நல்ல மனுஷர்.

கத்தரீன் கண்டுபிடித்துவிட்டாள். "ஏன்டி, தலையில கல்லு விழுந்தாத்தான் கிளம்புவியா?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். திரும்பி வரும்போது படகிலிருந்தே நம் வெள்ளைச் சுவர் தெரிய வேண்டும் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "சொன்னவரு ஒரு வருஷமா ஒரு வரி எழுதல. செவுரு மட்டும் நின்னு என்னத்துக்கு?" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் வீட்டில் எனக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாளாம்.

ஈஸ்டருக்குச் சுவரை மறுபடி வெள்ளையடித்தேன். விரிசலில் இப்போது என் கை முழுசாக நுழைகிறது. உள்ளிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, விஸ்தின். இதுவரை எழுதியதில்லை.

வருவதாக இருந்தால் சீக்கிரம் வாருங்கள். வரப்போவதில்லை என்றால் அதையாவது எழுதுங்கள். காரணம் வேண்டாம், ஒரு வரி போதும். நான் சாந்து பூசுவதை நிறுத்திவிடுகிறேன்.

அங்கே இனிமேல்தான் கோடை என்கிறார்கள். வெயிலில் தொப்பி இல்லாமல் வேலை செய்யாதீர்கள். கடவுள் உங்களைக் காக்கட்டும்.

இன்றுவரை நம் வீட்டிலிருந்தே,
சென்சா