அம்மா கத்தினாள், பஸ் நின்றது

என் உயரமான அப்பாவுக்கு,

நீங்கள் போன இடத்துக்கு மினிபஸ் கிடையாது, அதனால் கூனாமல் நிமிர்ந்தே போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு ஒரு செய்தி. ஒன்று இல்லை, இரண்டு.

நாளை திங்கட்கிழமை எனக்குக் கல்லூரி திறக்கிறது. பிசிக்ஸ் ஹானர்ஸ். கட்டிலில், தேய்த்த சுடிதார், குடை, புதுப் பை எல்லாம் தயார். பக்கத்தில் இன்னொரு பை இருக்கிறது. அது அம்மாவுடையது. அவளுக்கும் நாளைதான் முதல் நாள். எங்கே என்று கேளுங்கள். கார்டன் ரீச்சில், உங்கள் ஆபீஸில்!

நீங்கள் சர்வீஸில் இருக்கும்போதே கிளம்பிவிட்டதால் நம் வீட்டில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை தந்தார்கள். என் ரிசல்ட் வந்த வாரம் திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா வந்து அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்தார்.

"பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சிட்டு. அவளே சேரட்டும். காலேஜ் எங்க போயிரப் போவுது? தபால்ல படிச்சுக்கிடலாம்."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் உங்கள் மகள் அன்று மார்க் ஷீட்டை மடித்து உறைக்குள் வைத்தாள். அம்மா காபி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"நான் சேருதேன் அத்தான்."

"நீயா? தனியா பஸ்ல போயிருவியாம்மா?"

"போவேன்."

"பெங்காலி பேசணுமே?"

"காய்க்காரன்ட்ட தினம் பேசுதேன்லா? ஆபீஸ்காரங்க அவனைவிடவா கத்திருவாங்க?"

பெரியப்பா காபியைக் குடித்தார்.

ஆனால் அப்பா, உங்களுக்கும் எனக்கும் உண்மை தெரியும். கல்கத்தாவில் இத்தனை வருடத்தில் அம்மா தனியாக பஸ் ஏறியதே இல்லை. நீங்கள் முன்னால், அவள் பின்னால். நிறுத்தச் சொல்லிக் கத்துவது நீங்கள், இறங்குவது அவள். அவளுக்கு பஸ் தவறினால் வேலை தவறும், வேலை தவறினால் என் கல்லூரி தவறும். அதனால் நானே கண்டக்டர் ஆனேன். விரலிடுக்கில் பழைய டிக்கெட்டுகளைச் செருகிக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே பஸ் விட்டேன்.

"டிக்கெட், தீதி, டிக்கெட்! அக்கா, எங்கே இறங்கணும்?"

"நாம்போ," என்று அம்மா அடுப்பிடம் ரகசியம் சொன்னாள். இறங்கணும் என்றாளாம்.

"யம்மா, இந்தக் குரலுக்குப் பூனைகூட நிக்காது."

பதிலுக்கு அம்மா எனக்கு ராகிங் பயிற்சி கொடுத்தாள். அவள்தான் சீனியர். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கண்ணை உருட்டினாள்.

"பேரென்ன? சத்தமாச் சொல்லு! ...சாப்ட்டியா?"

"எந்த சீனியர்மா சாப்ட்டியான்னு கேப்பா?"

"சரி சரி. அப்பா என்ன பண்ணுதாங்க?"

பேச்சு வேகத்தில் வந்துவிட்டது. இரண்டு பேருமே அந்தக் கேள்விக்கு ஒத்திகை பார்த்திருக்கவில்லை. அம்மா முந்தானையை உருவிக்கொண்டு குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள். நாளைக்கு யாராவது கேட்கத்தானே போகிறார்கள்? நான் என்ன சொல்வது அப்பா?

இன்று காலை வெள்ளோட்டம். கிதிர்ப்பூரில் பஸ் மாறி உங்கள் ஆபீஸ் வரை. ஏறும் முன்பே சொல்லிவிட்டேன்: "நீ தனியா வந்திருக்க. பின்னால நிக்கறது யாரோ ஒரு வங்காளிப் பொண்ணு." ஞாயிற்றுக்கிழமை, சாலை காலி. பஸ் பறந்தது. உங்கள் ஆபீஸ் கேட் வந்தது. அம்மாவின் உதடு அசைந்தது. கேட் போனது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கத்தட்டுமா, வேண்டாமா?

அப்போது அம்மா கம்பியை விட்டுவிட்டு பஸ்ஸின் பலகையில் ஓங்கி அறைந்தாள்.

"ஆஸ்தே! லேடீஸ் நாம்பே!"

மெதுவா, லேடீஸ் இறங்கறாங்க! கண்டக்டர்கள் போடுகிற அதே சத்தம், கொஞ்சம் திருநெல்வேலி வாசனையோடு. பஸ் குலுங்கி நின்றது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா விழித்து அவரும் எழுந்துவிட்டார். கண்டக்டர் அம்மாவைப் பார்த்தான். அவள் பின்னால் குதித்து வந்த, அவளைவிட அரை அடி உயரமான என்னைப் பார்த்தான். குழந்தையோடு இறங்குகிறவர்களுக்குச் சொல்கிற மிச்ச வரியையும் ராகமாகச் சேர்த்தான்: "கோலே பாச்சா!" இடுப்பில் குழந்தை! பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

கேட்டுக்குத் திரும்பி நடந்தோம். அம்மா அதன் கம்பியில் கை வைத்தாள்.

"உங்கப்பா இதுக்குள்ளதான் போவாங்களா?"

"ஆமாம்மா."

கொசுவத்தைச் சரி செய்துகொண்டாள். "நாளைக்கு இன்னுங் கொஞ்சம் முன்னாடியே கத்தணும்," என்றாள். அவ்வளவுதான்.

வந்ததும் உங்கள் டிபன் பாக்ஸைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். தனக்கென்று அவள் சோறு கட்டப்போவது இதுதான் முதல் தடவை. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு வைக்கிற தயிர்ப் பொட்டை நாளை எங்கள் இரண்டு பேருக்குமே வைக்கப்போவதாகக் கீழ்வீட்டு வங்காளி மாஷிமா சொன்னார். அம்மா தன் வெறும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வைக்கட்டுமே," என்றாள். கேட்டீர்களா?

சீனியர்கள் கேட்பார்கள். அப்பா இல்லை என்பதைத் தரையைப் பார்த்துச் சொல்லமாட்டேன். அம்மா என்ன செய்கிறாள் என்பதை அவர்கள் கேட்காமலே சொல்வேன். ஓடுகிற பஸ் நிற்கிற குரலில் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நாளைக் காலை அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கப்போகிற,
உங்கள் வாலு மகள்