கத்திரி வெயிலில் தேர்ந்தெடுத்த தோட்டம்

மாப்பிள்ளை,

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். இன்று காலையில் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி ஸ்பேனர் தேடினால், கையில் வந்தது நீ இடுப்பில் கட்டும் நீலக் கட்டம் போட்ட சாரத்தில் கிழித்த துணித்துண்டு. ஒரு முனையில் எருக்கம்பால் கறை அப்படியே இருக்கிறது. நாம் ஜெயித்த கதையைத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்களுக்குக்கூடச் சொல்லிவிட்டேன். உனக்குத்தான் சொல்லவில்லை. அதனால் இந்தக் கடிதம். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னை இழந்துவிட்டது; பிழை கண்டால் அவர்களைத் திட்டிக்கொள்.

இருபது வருஷத்துக்கு மேல் வளைகுடாவில் தோட்ட வேலை பார்த்துவிட்டு வந்து, கீழப்பாவூருக்குக் கிழக்கே ஐம்பது சென்ட் சரளை மண்ணை வாங்கினாய். போர் போட்டால் புழுதிதான் வந்தது. டீக்கடையில் என்ன சிரிப்பு! "பாலைவனத்துல கெடந்துட்டு வந்தவன், இங்கன வந்து இன்னொரு பாலைவனத்த வாங்கியிருக்கான்வே!" நீ டீயை ஆற்றிக்கொண்டே, "பழகுன எடம்லா" என்றாய். அன்றிலிருந்து அதற்குப் பாலைவனத் தோட்டம் என்றே பெயர்.

முதல் வருஷக் கூத்தை நானே சொல்லிவிடுகிறேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து என் டெம்போவில் காய்கறி ஏற்றிக்கொண்டு ஆனி மாதம் குற்றாலம் போனேன். அங்கே சாரல் சும்மா பூவாய்த் தூவுகிறது. எனக்கு மனசு நிற்கவில்லை. ரோட்டோரத்தில் விற்ற ரோஜா, குரோட்டன்ஸ், கிராம்பு, ரம்புட்டான் எல்லாவற்றையும் டெம்போ நிறைய அள்ளிவந்து உன் நிலத்தில் இறக்கினேன். "மாப்ள, சாரல் பின்னாலயே வருது, நடு!" என்றேன். சாரல் மலையோடு நின்றுகொண்டது. கிழக்கே வந்தது காற்று மட்டும். அந்தக் காற்றில் என் மீசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, இன்னும் நிமிரவில்லை. மூன்றாம் நாள் ரோஜாச் செடி அப்பளமாக நொறுங்கியது.

நீ கோபப்படவில்லை. "மச்சான், அங்கன நனையுதுன்னு இங்கன நடப்படாதுவே" என்றாய். நான் சோதனைக்காகத்தான் செய்தேன் என்றேன். நீ நம்பியதுபோல் தலையாட்டினாய்.

உன் வழி வேறு. வளைகுடாவில் முதலாளி வீட்டுப் புல்தரைக்கு ராப்பகலாகத் தண்ணீர் விட்டதையும், இரண்டு நாள் பைப் உடைந்ததும் அது வைக்கோலானதையும், மதிலுக்கு வெளியே யாரும் சீந்தாத மரம் ஒன்று பச்சையாக நின்றதையும் சொன்னாய். "செவத்துக்கு வெளிய நிக்கிறதத்தான் நடணும்." அடுத்த சித்திரையில், கத்திரி வெயில் உச்சியில் நிற்கும்போது, என்னை ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னாய். காக்கா பறக்க மாட்டாமல் நடந்து போன வெயில் அது. ரயில் பாதை ஓரம், குளத்தங்கரை, சுடுகாட்டு வேலி என்று அலைந்தோம். பச்சையாக ஒரு செடியைப் பார்த்தால் இரண்டே கேள்விதான் கேட்பாய். "யாராவது தண்ணி ஊத்துதாங்களா? ஆடு கடிச்சிருக்கா?" இரண்டுக்கும் இல்லை என்றால் சாரத்தைக் கிழித்து ஒரு துண்டு கட்டுவாய். மழைக்காலத்தில் எல்லாச் செடியும் பச்சையாகத்தான் இருக்கும், அப்போது பார்த்து எடுத்தால் ஏமாந்துவிடுவோம், முகத்தை இப்போதுதான் பார்க்க வேண்டும் என்பாய். உன் சாரம் முழங்காலுக்கு மேலே ஏறியபோது நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

ஒரு குளத்தங்கரையில் வன்னி மரத்தைக் கண்டதும் ஸ்கூட்டர் நிற்குமுன் குதித்தாய். "ஏலே, இவன் அங்கன நின்னவன்லா!" என்று முள்ளையும் பாராமல் கட்டிக்கொண்டாய். வளைகுடாவில் மதிலுக்கு வெளியே நின்ற, நீ மத்தியானம் சாப்பிட்டு உட்காரும் மரமும் வன்னிதானாம். நான் மரத்துக்கு வணக்கம் வைத்தேன், சொந்தக்காரன் ஆகிவிட்டானே.

கட்டிய துணியை அடையாளம் வைத்து விதையும் கன்றும் சேர்த்தோம். ஐப்பசி மழை மண்ணில் இறங்கிய பிறகு நட்டோம். ஆவாரை, விராலி, நொச்சி, இலந்தை, நடுவில் வன்னி. சுற்றிலும் கிளுவைப் போத்து வெட்டி ஊன்றி உயிர்வேலி. அத்தனையும் பிடித்தது.

மாசியில் நீ போய்விட்டாய்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, "மச்சான், ஒரு சித்திரை. ஒரு சொட்டு ஊத்தப்படாது. நின்னா பையன் வச்சிக்கிடட்டும், கருகுனா வித்துரட்டும்" என்று. அந்தச் சொல்தான் தோட்டத்தைக் காப்பாற்றியது. உன் காரியங்கள் முடிந்ததும், ஹாலோ பிளாக் கல் போடுகிற ஓர் அண்ணாச்சி நிலத்தைக் கேட்டு வந்தார். வெளிநாட்டு வேலையிலிருந்து லீவில் வந்திருந்த உன் மகன் நல்ல பிள்ளை, விற்க மனசில்லை. வாரம் ஒரு லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தான். லாரி வந்துவிட்டது. நான் கேட்டில் குறுக்கே நின்றேன்.

"மாமா, வெலகுங்க. வாப்பா வச்ச செடி, கருகிறப்படாது."

"லே, லாரித் தண்ணில நின்னா அது உன் தோட்டம். நீ பிளேன் ஏறிட்டா யாரு ஊத்துவா? உங்க வாப்பா என்ன சொன்னாருன்னு தெரியுமா?" என்று, நீ சொன்னதைச் சொன்னேன்.

அவன் லாரிக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினான். பிறகு, "சரி. வைகாசில வாறேன். கருகியிருந்தா அண்ணாச்சிக்குக் கொடுத்துருவேன். அப்புறம் நீங்க பேசப்படாது" என்றான். லாரி திரும்பிப் போனது. உன் வீட்டுக்காரி மட்டும், "எண்ணே, ஒரு கொடம் ஊத்துனா என்ன?" என்று கண்ணைத் துடைத்தாள். "தங்கச்சி, கொடத்த உள்ள வை" என்றேன்.

சித்திரை முழுக்க தினமும் போனேன். விராலி இலை சுருண்டது. இலந்தை பாதி இலையைக் கொட்டியது. கிளுவை வேலி ஓர் இலை இல்லாமல் மொட்டைக் குச்சியாக நின்றது. ராத்திரியில் டார்ச் அடித்தும் பார்த்துவிட்டு வந்தேன். வெளியே மட்டும், "எல்லாம் என் கணக்குப்படி போகுது" என்று சொல்லித் திரிந்தேன்.

வைகாசியில் உன் மகன் வந்தான். பின்னாலேயே ஹாலோ பிளாக் அண்ணாச்சி. வேலியைப் பார்த்ததும் பையன் முகம் தொங்கிவிட்டது. "சுள்ளியா நிக்கே மாமா. கருகிட்டு."

"கருகிட்டா? நகத்தால ஒரு கீறு கீறுலே."

கீறினான். உள்ளே பச்சை. பச்சை என்றால் கிளிப்பச்சை! அடுத்த குச்சி, அதற்கடுத்த குச்சி என்று வேலி நீளத்துக்குக் கீறிக்கொண்டே போனான்; நகத்தில் ஈரம். உள்ளே கூட்டிப்போனேன். ஆவாரை மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்க, தேன்சிட்டு ஒன்று தலைகீழாகத் தொங்கியது. நடுவே வன்னி, அந்த வெயிலிலும் புதுத் துளிர் விட்டிருந்தது. பையன் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டான். அண்ணாச்சி, "என்ன தம்பி, பேசிருவமா?" என்றார்.

"மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி. இது விக்கிறதுக்கு இல்ல."

நான் சத்தம் போட்ட சத்தத்தில் குற்றாலத்தில் அருவி ஒரு நிமிஷம் நின்றிருக்கும்.

இப்போது டீக்கடையில் சிரித்தவர்களே ஆவாரை விதை கேட்டு வருகிறார்கள். நான் சித்திரையில் வரச்சொல்லி அனுப்புகிறேன். துணியை மறுபடி சீட்டுக்குள் போடவில்லை, ஹேண்டில்பாரில் கட்டியிருக்கிறேன். வடக்கு மூலை இன்னும் காலியாக இருக்கிறது.

மாப்பிள்ளை, ஒன்று மட்டும். ஆஸ்பத்திரியில் நீ 'ஒரு சொட்டு ஊத்தப்படாது' என்று சொல்லவே இல்லை. லாரி முன்னால் நின்றபோது என் வாயில் வந்தது அது. எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி, இந்தக் கடிதத்தில் உன்னிடமே அளந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானம் நீ கண் விழித்து என்னைப் பார்த்துக் கேட்டது தண்ணீர். பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, இன்னொரு மூடி கேட்டாய்.